அகலமான டயரா, அளவான காற்றா?

2025 மார்ச் 2 அன்று தாய்லாந்தின் புரிராம் நகரில் நடந்த மோட்டோ ஜி.பி. மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஒரு விந்தை நிகழ்ந்தது. முதலிடத்தில் சென்றுகொண்டிருந்த ஸ்பெயின் வீரர் மார்க் மார்க்கெஸ், வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்துத் தம் தம்பி அலெக்ஸை முந்திச் செல்ல விட்டார். பல சுற்றுகள் தம்பியின் பின்னாலேயே ஓட்டினார். பந்தயம் முடியச் சில சுற்றுகளே இருந்தபோது மீண்டும் முந்தி வெற்றி பெற்றார். தம்பி மேல் பாசமா? இல்லை. முன்டயரில் காற்றழுத்தம் குறைவாக இருந்ததுதான் காரணம்!

அந்தப் பந்தயத்தின் விதிப்படி, மொத்தச் சுற்றுகளில் 60 விழுக்காட்டிலாவது முன்டயரின் அழுத்தம் 1.8 பாருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். தவறினால் 16 நொடிகள் தண்டனை. தனியாக முன்னே செல்லும் வண்டியின் டயரை எதிர்க்காற்று குளிர்விக்கிறது. மற்றொரு வண்டியின் பின்னால் சென்றாலோ, அது வெளிவிடும் வெப்பக்காற்றில் டயர் சூடாகிறது. உள்ளே அழுத்தம் உயர்கிறது. நீங்கள் வகுப்பில் படிக்கும் வாயு விதியை வைத்துத்தான் அன்று அவர் வென்றார்.

காற்றின் அளவில் அப்படி என்ன இருக்கிறது? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 250 கிலோகிராம் என்று கொள்வோம். ஒரு சக்கரத்தின் மேல் 125 கிலோகிராம். அதாவது சுமார் 1225 நியூட்டன் விசை. டயரின் அழுத்தம் 2 பார், அதாவது சதுர மீட்டருக்கு 2,00,000 நியூட்டன். விசையை அழுத்தத்தால் வகுத்தால் பரப்பு கிடைக்கும்: ஏறத்தாழ 61 சதுர சென்டிமீட்டர். டயர் தரையைத் தொடும் இடம் உங்கள் உள்ளங்கையை விடச் சிறியது! பிரேக் பிடிப்பது, வளைவில் சாய்வது, மழையில் நிலைகுலையாமல் நிற்பது எல்லாம் இப்படி இரண்டு சிறு பரப்புகளை நம்பியே நடக்கின்றன. காற்றைக் குறைத்தால் இப்பரப்பு கூடும், மிகுத்தால் குறையும்.

இங்கே கூர்மையான மாணவர் ஒருவர் குறுக்கிடலாம். "உராய்வு விசை தொடுபரப்பைச் சார்ந்ததன்று என்று பாடநூல் சொல்கிறதே?" நல்ல கேள்வி. அந்த விதி மரம், இரும்பு போன்ற கடினமான பொருள்களுக்கு நன்கு பொருந்தும். ரப்பர் அப்படியன்று. அது சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் நெகிழ்ந்து புகுந்து பற்றிக்கொள்கிறது. அதே எடை அகன்ற பரப்பில் பரவினால் ரப்பரின் உராய்வுக் குணகம் ஓரளவு உயர்கிறது. பந்தய வண்டிகளின் டயர் அகலமாகவும், அதன் அழுத்தம் குறைவாகவும் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

இதைக் கேட்டதும் இளைஞர் சிலர் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். பந்தய வடிவ மோட்டார் சைக்கிள் வாங்கியவுடன், நிறுவனம் பொருத்திய டயரைக் கழற்றிவிட்டு அகலமான டயர் மாட்டுகிறார்கள். பிடிப்பு கூடட்டும் என்று காற்றையும் குறைக்கிறார்கள். இது தவறு என்பது என் உறுதியான கருத்து. பந்தயத் தடத்தின் விடையைச் சாலைக்கு எடுத்துவருவது, வேறொரு கணக்கின் விடையைப் பார்த்து எழுதுவது போன்றது.

பந்தய டயரை மின்போர்வையால் சுற்றிச் சூடாக்கிய பிறகே தடத்தில் இறக்குகிறார்கள். அதன் ரப்பர் அந்தச் சூட்டில்தான் மென்மையாகிப் பற்றும், குளிர்ந்தால் வழுக்கும். 1.8 பார் என்பதும் ஓடிச் சூடான நிலையில் உள்ள அளவு. ஒரு பந்தயம் முடிந்ததும் அந்த டயரின் வேலையும் முடிந்துவிடும். நம் சாலையில் ஓடும் டயரோ காலைக் குளிரிலும், உச்சி வெயிலிலும், மழைநீரிலும், குழியிலும் பல ஆயிரம் கிலோமீட்டர் உழைக்க வேண்டும். காற்று குறைந்தால் அதன் பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் மிகுதியாக மடங்கி நிமிர்கிறது; சூடேறி வலுவிழக்கிறது. குழியில் விழுந்தால் ரிம் நெளிகிறது. தேங்கிய நீரின் மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகமும் குறைந்துவிடுகிறது. ரிம்முக்குப் பொருந்தாத அகல டயரோ இறுகிப் பிதுங்கி, தன் வளைவு வடிவத்தையே இழக்கிறது. வளைவில் வண்டி சாயும்போது தரையைத் தொட வேண்டிய பரப்பு அப்போது சரியாகத் தொடுவதில்லை.

இன்னொரு தவறு பலரும் அறியாமல் செய்வது. 27 டிகிரி செல்சியஸில், சதுர அங்குலத்துக்கு 29 பவுண்டு, அதாவது 2 பார், காற்று அடைத்திருக்கிறோம். நீண்ட தூரம் ஓடியபின் டயருக்குள் வெப்பநிலை 57 டிகிரி. அளவி காட்டுவது வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அழுத்தத்தை மட்டுமே. உண்மை அழுத்தம் 3 பார். தனிவெப்பநிலை 300 கெல்வினிலிருந்து 330 ஆகிறது. அழுத்தமும் 3-லிருந்து 3.3 ஆகிறது. அளவி இப்போது சுமார் 33 காட்டும். "காற்று கூடிவிட்டது" என்று நான்கு பவுண்டை இறக்கிவிடுகிறோம். மறுநாள் காலை குளிர்ந்த டயரில் இருப்பது 25 மட்டுமே! வண்டி நிறுவனம் குறிப்பிடும் அளவு குளிர்ந்த டயருக்கானது என்பதை மறந்ததன் விளைவு இது.

மாணவர்களே, இன்று உங்களுக்கு வண்டி ஓட்டும் வயது ஆகாதிருக்கலாம். ஆனால் வீட்டில் அண்ணனோ மாமாவோ வண்டி வைத்திருப்பார். காற்றழுத்தத்துக்கான குறிப்பு ஒட்டப்பட்டிருக்கிறதா என்று வண்டியில் தேடுங்கள். இல்லையேல் கையேட்டைப் பாருங்கள். முன்டயருக்கு ஒன்று, பின்டயருக்கு ஒன்று, இருவர் அமர்ந்தால் வேறொன்று என எண்கள் இருக்கும். டயரின் பக்கத்தில் பொறித்திருப்பது உச்சவரம்பு. அதை அப்படியே நிரப்பக் கூடாது. காலையில், வண்டி ஓடும் முன் அளந்து பாருங்கள். அகல டயருக்குச் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பங்கு இருந்தால் நல்ல அழுத்த அளவி ஒன்று வாங்கிவிடலாம்.

எந்த எண்ணையும் பார்த்தவுடன், "இது எந்த நிலையில் அளந்தது?" என்று கேளுங்கள். இயற்பியல் மாணவரின் முதற்பழக்கம் அது. டயரைப் பொறுத்தவரை அந்த ஒரு கேள்வி உங்கள் அண்ணனின் உயிரையே காக்கலாம்.