சர்க்கரை நோயாளியைத் தனியாக அனுப்பாதீங்க!

குதிகாலில் ஊசி ஏறியிருக்கிறது. தையல் மெஷின் ஊசி. ஒடிந்த முனை உள்ளேயே நிற்கிறது. சுற்றிலும் தோல் கறுத்துப் போயிருக்கிறது.

ஆனால் அந்த மனிதருக்கு வலிக்கவே இல்லை!

எத்தனை நாளாக அது அங்கே இருந்தது என்றும் அவருக்குத் தெரியாது. அந்தக் காலோடுதான் நடந்தார். பவர் மெஷினை மிதித்தார். பஸ் ஏறினார்.

அவர் வேறு யாரும் அல்ல. என் அப்பா.

கொலை, கொள்ளை, விபத்து, குடிநீர்க் குழாய் உடைப்பு என்று ஊர்ச் சங்கதியெல்லாம் எழுதுகிறவன் நான். பூட்டை உடைக்காமல் திருடன் எப்படி உள்ளே வந்தான் என்று போலீசாரிடம் துருவித் துருவிக் கேட்டு எழுதியிருக்கிறேன். என் சொந்த வீட்டுக்குள் ஒரு திருடன் சத்தமில்லாமல் நுழைந்து, அப்பாவின் காலில் இருந்த உணர்ச்சியையே திருடிக்கொண்டு போயிருக்கிறான். அது எனக்குத் தெரியவில்லை!

டஜன் கணக்கில் கூலி

எங்கள் ஊர் புதியம்புத்தூர். தூத்துக்குடி மாவட்டம், ஓட்டப்பிடாரம் தாலுகா. சுற்றிலும் கரிசல் காடு. மழை பெய்தால் உளுந்து, பாசி, கம்பு, சோளம். பெய்யாவிட்டால் தையல் மெஷின்தான் கதி. ரெடிமேட் துணி தைத்து 'குட்டித் திருப்பூர்' என்று பெயர் வாங்கிய ஊர் இது. தெருவுக்குத் தெரு மெஷின் சத்தம் கேட்கும்.

டெய்லருக்கு டஜன் கணக்கில் கூலி. உட்கார்ந்தால் காசு, எழுந்தால் நஷ்டம். தூக்கம் வந்தால் டீ. வெறுங்காலால் மிதித்தால்தான் மெஷின் சொன்னபடி கேட்கும் என்பார்கள். அதனால் காலில் செருப்பு கிடையாது. ஒடிந்த ஊசியோ தரையில்தான் கிடக்கும்.

அப்பாவுக்கு 'சுகர்' வந்து ஆறு வருஷம் ஆகிறது. தனியாக ஆஸ்பத்திரிக்குப் போவார், மாத்திரையோடு வருவார். "டாக்டர் என்னப்பா சொன்னாரு?" என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"ஒண்ணுஞ் சொல்லலல. நல்லாத்தான் இருக்குன்னுட்டாரு."

அம்மாவும் நம்பினாள். நானும் நம்பினேன்.

சர்க்கரை முகாமில் சீனி டீ!

நவம்பர் 14 என்றால் நேரு பிறந்த நாள், குழந்தைகள் தினம் என்றுதான் நமக்குத் தெரியும். உலக சர்க்கரை நோய் தினமும் அன்றுதான். இன்சுலினைக் கண்டுபிடித்த கனடா நாட்டு டாக்டர் பான்டிங் 1891-ம் ஆண்டு பிறந்த நாள் அது.

அந்த தினத்தை ஒட்டி தூத்துக்குடியில் நடந்த ஒரு விழிப்புணர்வு முகாமுக்குப் போனேன். உண்மையைச் சொன்னால், செய்தி எடுக்கத்தான் போனேன். "நீங்களும் வாங்கப்பா" என்று கூப்பிட்டேன்.

"ஏலே, அரை நாள் கூலி போயிருமே" என்றார். விடாமல் இழுத்துக்கொண்டு போனேன்.

முதல் ஒரு மணி நேரம் மேடையில் பொன்னாடைதான். பிறகு பேச்சு. இடையில் எல்லோருக்கும் டீ வந்தது. உதட்டில் ஒட்டுகிற சீனி டீ! கூடவே கிரீம் பிஸ்கட்! சர்க்கரை நோய் முகாமில் இந்தக் கூத்து!

ஆனால் அதற்குப் பிறகு பேசிய டாக்டர் விஷயம் தெரிந்தவர். மேடையை விட்டுக் கீழே இறங்கி வந்து, ஒவ்வொருவராகக் கேட்டார். அப்பா முறை வந்தது.

"சீனி சேர்க்கிறீங்களா?"

"சீனிய விட்டு வருஷமாச்சு சார். கருப்பட்டிதான்."

நான் பக்கத்தில் இருந்தேன். "நாளைக்கு நாலு கருப்பட்டிக் காபி சார். ராத்திரி வேலை முடிஞ்சா சில்லுக்கருப்பட்டியும் உண்டு" என்று போட்டு உடைத்தேன். அப்பா என்னை முறைத்தார்.

டாக்டர் கோபப்படவில்லை. "கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதான் அய்யா. கறுப்பா வெள்ளையா என்று ரத்தத்துக்குத் தெரியாது" என்றார்.

பனைமரத்து மண்ணில் பிறந்த நமக்கு இது கசக்கிற சேதிதான். உடன்குடி கருப்பட்டியும் கோவில்பட்டி கடலைமிட்டாயும் புவிசார் குறியீடு வாங்கிய சரக்குகள். பெருமைதான். அதற்காக அது சர்க்கரை நோய்க்கு மருந்தாகிவிடுமா?

அடுத்த கேள்விதான் குண்டைத் தூக்கிப் போட்டது.

"ஊசி போடச் சொல்லி யாராவது சொன்னாங்களா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். போன வருஷமே டாக்டர் இன்சுலின் ஊசிக்குச் சொல்லிவிட்டாராம்! வீட்டில் மூச்சு விடவில்லை!

"ஊசின்னா கடைசிக் கட்டம்னு சொல்லுதாகளே. உங்கம்மா பயந்துருவா. கம்பெனியிலயும் மெஷின்ல உக்கார விடமாட்டாகன்னு நெனச்சேன்" என்று என் காதில் சொன்னார்.

ஊசி சாவுக்கு அல்ல, வாழ்வுக்கு

ஊசி கடைசிக் கட்டமா? 1922-ம் ஆண்டு ஜனவரியில் கனடாவில் டொராண்டோ ஆஸ்பத்திரியில் நடந்ததைக் கேளுங்கள். லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுப் பையன் எலும்பும் தோலுமாகக் கிடந்தான். அந்தக் காலத்தில் இந்த நோய் வந்த குழந்தை பிழைக்காது. உலகத்திலேயே முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்ட நோயாளி அவன்தான். முதல் ஊசி சரிவரவில்லை. மருந்தைச் சுத்தப்படுத்தி மறுபடி போட்டார்கள். எழுந்து உட்கார்ந்தான். மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்!

கண்டுபிடித்தவர்கள் அந்த உரிமையைக் கோடிக்கு விற்கவில்லை. டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்குக் கொடுத்துவிட்டார்கள். அப்படி வந்த உயிர் மருந்துக்குத்தான் நம் ஊரில் 'கடைசிக் கட்டம்' என்று பெயர்!

தமிழ்நாட்டுக்கும் இது புதுசு அல்ல. சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் 1948-லேயே சர்க்கரை நோய்க்குத் தனி சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார் டாக்டர் எம்.விசுவநாதன். அத்தனை வருஷத்து அறிவும் எங்கள் வீட்டு வாசற்படி ஏறவில்லை. காரணம், ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தது அப்பா ஒருவர்தான். அவர் சொன்னதுதான் எங்களுக்கு வேதம்.

மூலையில் இருந்த மேஜை

மண்டபத்தின் கடைசி மூலையில் ஒரு மேஜை போட்டிருந்தார்கள். 'பாதப் பரிசோதனை' என்று அட்டை தொங்கியது. கூட்டமே இல்லை. செருப்பைக் கழற்றிக் காலை நீட்ட யாருக்கும் கூச்சமாக இருக்காதா?

நர்சம்மா அப்பாவைக் கண்ணை மூடச் சொன்னார். நைலான் நரம்பு ஒன்றைப் பாதத்தில் அங்கங்கே வைத்து அழுத்தினார். "தொட்டா சொல்லுங்கய்யா."

அப்பா சொல்லவே இல்லை. கடைசியில் அவரே கேட்டார்: "இன்னும் தொடலையாம்மா?"

ஆறு இடத்தில் தொட்டிருந்தார் நர்சம்மா!

எனக்கு அடிவயிறு கலங்கியது. செல்போன் விளக்கைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். அப்போதுதான் குதிகாலில் அந்தக் கறுப்பைப் பார்த்தோம்.

மறுநாளே ஆஸ்பத்திரியில் கீறி ஊசித் துண்டை எடுத்தார்கள். இன்னும் சில நாள் விட்டிருந்தால் சீழ் எலும்பு வரை இறங்கியிருக்கும் என்றார்கள். சர்க்கரை கூடி நரம்பு செத்தால் வலி தெரியாது. ரத்த ஓட்டமும் குறைந்தால் புண் ஆறாது. விரல் போகும், பிறகு பாதம் போகும், பிறகு முழங்கால் வரை போகும். உடைமுள் நிறைந்த கரிசல் காட்டிலும், ஒடிந்த ஊசி கிடக்கிற தையல் கம்பெனியிலும் இதைவிடப் பெரிய ஆபத்து என்ன இருக்கிறது?

குடிகாரன் என்று தாண்டிப் போனேன்

அந்த முகாமில் தெரிந்துகொண்ட இன்னொன்று என்னைத் தூங்கவிடவில்லை.

ஊசியோ, சிலவகை மாத்திரையோ போட்டுவிட்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கும். 70-க்குக் கீழே போனால் ஆபத்து. வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், நாக்கு குழறும், நடை தள்ளாடும், காரணமில்லாமல் கோபம் வரும். கடைசியில் மயக்கம்.

இது அச்சாகக் குடிபோதை மாதிரியே இல்லையா?

பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் விழுந்து கிடக்கிறவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். 'போதை ஆசாமி' என்று தாண்டிப் போனவர்களில் நானும் ஒருவன். அதில் எத்தனை பேர் சாப்பிடாமல் மாத்திரை போட்டவர்களோ!

நினைவு இருந்தால் உடனே மூன்று சின்ன ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்க வேண்டும். கால் மணி நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். தெளிந்தபின் சாப்பாடு. நினைவு இல்லை என்றால் வாயில் எதையும் ஊற்றவே கூடாது. புரையேறிவிடும். உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும்.

இதில் ஒன்றையாவது மயங்கிக் கிடக்கிறவர் தானே செய்ய முடியுமா? பக்கத்தில் இருப்பவர்தான் செய்ய வேண்டும். அந்தப் பாடத்தையும் பக்கத்தில் இருப்பவர்தான் படிக்க வேண்டும்.

பாதமும் அப்படித்தான். பார்வை மங்கியவர் தன் உள்ளங்காலைத் தானே பார்க்க முடியாது. சமையலும் அப்படித்தான். சோறு வடிப்பது அம்மா, அறிவுரை கேட்டது அப்பா! உடம்பு ஒருவருடையது என்றாலும் இந்த நோயைக் கவனிக்க ஒரு வீடே வேண்டும்.

ஒரு வீட்டுக் கதையா இது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆதரவில் நாடு முழுக்க எடுத்த கணக்கு 2023-ல் வெளியானது. நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி பேர்! தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல்! நம் தெருவை எண்ணிப் பாருங்கள்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டு 5-ந் தேதி தொடங்கியது. வீட்டு வாசலுக்கே மாத்திரை வருவதற்கு அதில் வழி செய்தார்கள். நல்ல காரியம். ஆனால் மாத்திரை வீட்டுக்கு வந்தால் மட்டும் போதாது. பாடமும் வீட்டுக்கு வர வேண்டும்.

"வீட்டு ஆளும் வந்தா ரெண்டு பேர் கூலியுமில்லா போகும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் சொல்கிறேன்.

முகாம் நடத்துகிறவர்களே! வேலை நாளில் டவுன் மண்டபத்தில் நடத்தாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊருக்குள் வாருங்கள். நோட்டீசில் 'வீட்டில் சமைப்பவரோடு வரவும்' என்று கொட்டை எழுத்தில் போடுங்கள். பாதப் பரிசோதனை மேஜையை வாசலிலேயே போடுங்கள். பொன்னாடையைக் குறையுங்கள். டீயில் சீனி வேண்டாம்!

கம்பெனி முதலாளிகளே! ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டி, வேலை முடிந்ததும் தரையில் இழுக்கச் சொல்லுங்கள். ஒடிந்த ஊசியெல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். காந்தம் என்ன விலை, ஒரு டெய்லரின் கால் என்ன விலை? சாப்பாட்டு நேரத்தில் மெஷினை நிறுத்துங்கள். ஊசி போடுகிறவரை வேலையை விட்டு அனுப்பாதீர்கள்.

போலீசாரும் பொதுமக்களும் கவனிக்க வேண்டும். விழுந்து கிடப்பவரை வாடை பார்த்துவிட்டுப் போகாதீர்கள். சட்டைப் பையைப் பாருங்கள். அப்பாவின் பையில் இப்போது 'எனக்கு சர்க்கரை நோய், இன்சுலின் போடுகிறேன்' என்று எழுதிய சீட்டும், ஒரு பொட்டலம் சீனியும் இருக்கிறது.

அந்தச் சீட்டை எழுதியது நான். ஆறு வருஷம் தாமதமாக எழுதினேன்.

எங்கள் வீட்டில் பிரிட்ஜ் கிடையாது. நர்சம்மா சொன்னபடி, ஈர மணலுக்கு நடுவே வைத்த மண்பானைக்குள் இன்சுலின் குப்பி குளிர்ச்சியாக இருக்கிறது. கருப்பட்டி டப்பா பரணுக்குப் போய்விட்டது. தினமும் ராத்திரி அம்மா, அப்பாவின் காலை மடியில் தூக்கி வைத்து டியூப்லைட் வெளிச்சத்தில் விரல் இடுக்கு வரை பார்க்கிறாள்.

முதல் நாள் அப்பா காலை இழுத்துக்கொண்டார். "விடுளா, கூச்சமா இருக்கு" என்றார்.

"ஆறு வருஷமா மறைச்சீகள்லா, இப்ப காட்டுங்க" என்றாள் அம்மா.

இன்று ராத்திரி உங்கள் வீட்டிலும் ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். டாக்டர் 'நல்லாத்தான் இருக்கு' என்று சொன்னதாகவும் சொல்வார். நம்பாதீங்க. அடுத்த முறை கூடவே போங்க. அதுக்கு முன்னால, அந்தக் காலைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க!