யார் திருப்பிப் படுக்க வைப்பது?

நம்மூர்ச் சிறுகதைப் போட்டிகளுக்கென்று ஒரு நிரந்தரக் கதை உண்டு. மகன் காரில் வருகிறான். அம்மாவின் துணிப்பையை இறக்குகிறான். முதியோர் இல்ல வாசலில் அம்மா, "நீ சாப்பிட்டியாப்பா?" என்று கேட்கிறாள். முற்றும். நடுவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். பட்டிமன்றத்திலும் இதே கதைதான், கைத்தட்டல் மட்டும் கொஞ்சம் கூடுதல்.

எனக்கு இந்தக் கதைமேல் கோபம். அது வாசலோடு நின்றுவிடுகிறது. உள்ளே வேலை செய்கிறவர்களை அது பார்த்ததே இல்லை.

என் அப்பாயி மூன்று வருஷமாக சிங்கப்பூரில் ஒரு தாதிமை இல்லத்தில் இருக்கிறார். பக்கவாதம், பிறகு மறதிநோய். அதற்கு முன் வீட்டில் வைத்துத்தான் பார்த்தோம். அம்மாவுக்கு முதுகு போனது, பணிப்பெண்கள் இரண்டு பேர் மாறினார்கள். பாசம் குறைந்துபோய் யாரும் அனுப்பவில்லை.

தானாகத் திரும்பிப் படுக்க முடியாதவரை ஏறத்தாழ 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பு, குதிகால் என்று அழுத்தம் விழுகிற இடத்தில் ரத்த ஓட்டம் குறைந்து படுக்கைப்புண் வரும். முற்றினால் எலும்புவரை போகும். நான் பொறியாளன், கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. ஒரு வார்டில் இப்படி 10 பேர் என்று வையுங்கள். 8 மணி நேர இரவு வேலையில் ஆளுக்கு 4 தடவை, மொத்தம் 40. ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஊழியர்கள், 5 நிமிடம். 3 மணி 20 நிமிடம் இதிலேயே போச்சு. இன்னும் யாருக்கும் பேம்பர்ஸ் மாற்றவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை, குறிப்பேட்டில் எழுதவில்லை.

"அதான் ரோபோ வந்துடுமே" என்கிறார்கள் ஆபீஸில். தூக்கும் இயந்திரம் ஏற்கெனவே இருக்கிறது. அதன் துணியை உடம்புக்கடியில் செருகுவதற்கும் ஆளை உருட்டித்தான் ஆக வேண்டும். அதற்கும் வழக்கமாக இரண்டு பேர். ஊழியரின் முதுகை அது காப்பாற்றும். ஆள் தேவையைப் பெரிதாகக் குறைக்காது.

அந்த ஆட்களில் பெரும்பாலோர் மியன்மார், பிலிப்பீன்ஸ், இந்தியா என்று வெளியிலிருந்து வந்தவர்கள். அப்பாயி ஒருகாலத்தில் பாசார் மலாயில் மீன்காரரைத் திணறடித்தவர். மறதிநோய் வந்த பலருக்கும் பிறகு கற்ற மொழிதான் முதலில் நழுவும். இப்போது அவருக்குத் தமிழ் மட்டும், அதுவும் திருச்சிப் பக்கத்துத் தமிழ். போன வருஷம் திருப்பும்போதெல்லாம் கத்தினார், கையைத் தட்டிவிட்டார். 'முரட்டுத்தனம்' என்று குறிப்பேட்டில் ஏறிவிட்டது.

மியன்மார் ஊழியர் ஒருவர் சட்டைப்பையில் ஒரு சீட்டு வைத்திருக்கிறார். 'வலி', 'எங்க', 'தண்ணி', 'திரும்புங்க' எல்லாம் பர்மிய எழுத்தில். பக்கத்துக் கட்டில் தமிழ்ப் பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொண்டாராம். "பாட்டி, வலி எங்க?" என்று அவர் கேட்ட பிறகுதான் வலது தோள் என்று தெரிந்தது. மருந்து கொடுத்தார்கள், முரட்டுத்தனம் போய்விட்டது. அவர் இப்போது ஆஸ்திரேலியாவுக்கு முயற்சி செய்கிறார். அங்கே சம்பளம் அதிகம், யார் குறை சொல்ல முடியும்? ஆனால் அவரோடு அந்தச் சீட்டும் போய்விடும்.

அடுத்த வருஷம் எனக்கு 30. கேர்ஷீல்டு லைஃப் சந்தா ஆரம்பமாகும். குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிவறை, நடமாட்டம், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது. இந்த ஆறில் மூன்று முடியாமல் போனால் மாதாமாதம் பணம் வரும். 2020இல் தொடங்கியபோது அது 600 வெள்ளி. நல்ல திட்டம்தான். ஆனால் திருப்பிவிட ஆள் இருந்தால்தானே அந்தப் பணத்துக்கு வேலை?

நம் சங்கங்கள் தீபாவளிக்கு முறுக்கோடு வருகின்றன. பாட்டு, பொன்னாடை, படம். வரட்டும், அப்பாயிக்கும் முறுக்கு பிடிக்கும். ஆனால் ஊழியர்களுக்கு 20 தமிழ்ச் சொற்கள் சொல்லித்தர இதுவரை ஒருவரும் வந்து நான் பார்க்கவில்லை. குடும்பங்களும் வாயைத் திறப்பதில்லை. அந்தப் போட்டிக் கதைதான் நம்மைக் குற்றவாளிகளாக்கி உள்ளே அனுப்பியிருக்கிறதே. குற்றவாளி எங்கே கேள்வி கேட்பான்? தலையைக் குனிந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவான்.

இல்லம் பார்க்கப் போகிறவர்கள் இரவில் ஒரு வார்டுக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். ஒரு வருஷத்தில் எத்தனை ஊழியர்கள் வேலையை விட்டார்கள், தமிழ் தெரிந்தவர் எந்த ஷிஃப்டில் இருக்கிறார் என்றும் கேளுங்கள். ஓர் இடத்தில் நான் கேட்டபோது அந்த அம்மா முதலில் மீன் தொட்டியைக் காட்டினார். மறுபடியும் கேட்டேன்.