டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் நாயைப் பற்றிப் பேசுங்கள்



பள்ளிக்கூடம் லீவு விட்டாகிவிட்டது. கொடைக்கானல் போகிறவர்கள், சிங்கப்பூர் போகிறவர்கள், மகள் பிரசவம் பார்க்க அமெரிக்கா போகிறவர்கள் என்று ஆளாளுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். நல்லபடியாகப் போய்வாருங்கள். அதற்கு முன் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். மணி அடித்த பிறகும் ஐந்து நிமிடம் பாடம் நடத்துகிறவள் நான் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

விஷயம், உங்கள் வீட்டு நாய்.

எந்த ஊர், எந்த ஓட்டல், எந்த ரயில், பிள்ளைக்கு எந்த ஸ்வெட்டர் என்றெல்லாம் ஒரு மாதம் முன்பே பேசி முடிக்கிறீர்கள். நாயை என்ன செய்வது என்ற யோசனை கிளம்புவதற்கு முந்தின நாள் சாயந்திரம்தான் வருகிறது. உடனே போன். "டீச்சர், ஒரு நாலு நாள்தான். அவன் ஒண்ணும் பண்ண மாட்டான்." ஒண்ணும் பண்ணாத நாயை நான் இதுவரை பார்த்ததில்லை. நாயை யார் பார்த்துக்கொள்வது என்று முடிவாகாமல் டிக்கெட் எடுக்கக் கூடாது என்பது என் கட்சி. கடுமையாகத் தோன்றினாலும் பரவாயில்லை. கைக்குழந்தை உள்ள வீட்டில் குழந்தையை யார் பார்ப்பது என்று தெரியாமல் யாரும் டிக்கெட் எடுப்பதில்லையே.

"கூடவே கூட்டிப் போய்விட்டால்?" என்பார்கள். போகலாம், ஆனால் நினைக்கிற அளவு சுலபமில்லை. ரயிலில் ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி, இரண்டடுக்கு ஏசி எதிலும் நாயை ஏற்ற முடியாது. முதல் வகுப்பில் ஒரு அறையை முழுதாக நம் பெயரில் எடுத்தால் கூட வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் இருக்கிற நாய்க்கூண்டில் போட வேண்டும். மே மாதத்து வெயிலில் அந்தக் கூண்டு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நம்மைப்போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் அது உடல்சூட்டைத் தணித்துக்கொள்ள முடியும். காரில் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: "சாப்பிட்டு வர பத்து நிமிஷம்தான்" என்று கண்ணாடியை ஏற்றிப் பூட்டிவிட்டு ஓட்டலுக்குள் போகாதீர்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் கார் அடுப்பாகிவிடும். போய்ச் சேர்ந்த பிறகு தங்கும் விடுதிக்காரன் உள்ளே விட வேண்டும். நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்கு வர மாட்டேன் என்று தருமர் இந்திரனிடம் வாதாடி ஜெயித்தார். வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கும் பையனிடம் நம் வாதம் எடுபடாது.

ஆக, பெரும்பாலும் விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது. யாரிடம் விடுகிறீர்கள் என்பதில்தான் எனக்கு வருத்தம்.

சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள் லாப்ரடாரைக் காரில் ஏற்றிவந்து, ஊரில் அப்பா அம்மாவிடம் இறக்கிவிட்டு, அங்கிருந்து மூணாறுக்குப் போவது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. "அவங்களுக்கும் பொழுது போகும்ல" என்கிறார்கள். வளர்ந்த லாப்ரடார் முப்பது கிலோ இருக்கும். எதிரே ஒரு பூனை ஓடினால் போதும், வார் இழுக்கிற இழுப்பில் மறுமுனையில் இருப்பவர் பறக்க வேண்டியதுதான். மறுமுனையில் இருப்பது யார்? மூட்டு வலிக்கு மாத்திரை சாப்பிடுகிற அறுபத்தெட்டு வயது அம்மா. என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சர் அப்படித்தான் போன வருஷம் வாசற்படியில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். பிள்ளையின் பயணம் கெட்டுவிடக் கூடாதென்று நாலு நாள் சொல்லவேயில்லை. ஒரு கையில் மாவுக்கட்டு, மறு கையால் நாய்க்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பார்த்தபோது அந்த நாய் அவர் காலடியில்தான் படுத்திருந்தது. அதைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

பெற்றோரிடம் விடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கேளுங்கள். "முடியாது" என்று அவர்கள் சொல்ல இடம் வைத்துக் கேளுங்கள். நம் ஊர் அப்பா அம்மாக்களுக்குப் பிள்ளைகளிடம் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. காரில் நாயோடு வாசலில் வந்து இறங்கிவிட்டு "முடியுமாம்மா?" என்று கேட்பது கேள்வியே ஆகாது.

அடுத்தது, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள். காலையில் ஒரு தட்டு, சாயந்திரம் ஒரு தட்டு. மீதி இருபத்துமூன்று மணி நேரமும் அந்த ஜீவன் பூட்டின வீட்டுக்குள் கதவையே பார்த்துக்கொண்டிருக்கும். சிங்கப்பூரில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் பெருமையாகச் சொன்னான், "கேமரா வச்சிருக்கேன் டீச்சர், இங்கேருந்தே பார்த்துக்குவேன்." தண்ணீர்க் கிண்ணத்தை நாய் தட்டிவிட்டால் உன் கேமரா நிமிர்த்தி வைக்குமா என்று கேட்டேன். சிரித்தான். சின்ன வயதிலும் பதில் தெரியாவிட்டால் சிரிப்பான்.

என்னைக் கேட்டால், நாய்க்குத் தெரிந்த ஒரு ஆள் உங்கள் வீட்டிலேயே வந்து ராத்தங்குவதுதான் முதல்தரமான ஏற்பாடு. இடம் மாறாது, வாசனை மாறாது, படுக்கும் மூலை மாறாது. மாறுவது ஆள் மட்டும்தான், அந்த ஆளும் தெரிந்த ஆள். எங்கள் பக்கத்து ராஜபாளையம், சிப்பிப்பாறை வைத்திருப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்வேன். 2005-இல் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலையே வெளியிட்டார்கள், அது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் அந்தச் சாதி நாய் ஒரு வீட்டுக்கு, பல நேரம் ஒரே கைக்கு, பழகினது. வேற்றாள் வைத்த சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். சிப்பிப்பாறையோ முயல் விரட்டப் பிறந்தது. சாதாரணச் சுற்றுச்சுவர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை, தாண்டிவிட்டால் நேரே தன் வீட்டைத் தேடி ஓடும். நடுவில் நாலுவழிச் சாலை இருக்கிறதென்று அதற்குத் தெரியாது. எங்கே விட்டாலும் முதல் ஒரு வாரம் வார் இல்லாமல் வெளியே விட வேண்டாம் என்று பார்த்துக்கொள்பவரிடம் சொல்லுங்கள். கழுத்துப்பட்டையில் போன் நம்பர் எழுதுங்கள். உங்கள் நம்பரை அல்ல, ஊரில் இருப்பவர் நம்பரை. விமானத்தில் உங்கள் போன் அணைந்திருக்கும்.

அப்படி ராத்தங்க ஆள் கிடைக்காதவர்களுக்கு போர்டிங் இருக்கிறது. நானும் நாலைந்து இடம் போய்ப் பார்த்திருக்கிறேன். நல்லதும் உண்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்ததும் உண்டு. படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் போய் நில்லுங்கள். ராத்திரி நாய் எங்கே படுக்கிறது, ராத்திரியில் அங்கே மனிதர் யாராவது இருக்கிறாரா, ஒரு நாளைக்கு எத்தனை தடவை கூண்டை விட்டு வெளியே விடுகிறார்கள் என்று கேளுங்கள். முக்கியமாக, அவர்கள் உங்களிடம் தடுப்பூசிப் புத்தகத்தைக் கேட்கிறார்களா என்று பாருங்கள். கேட்காத இடத்தில் காலை வைக்காதீர்கள். உங்களிடம் கேட்காதவர் பக்கத்துக் கூண்டு நாய்க்கும் கேட்டிருக்க மாட்டார். பார்வோ கிருமி ஒரு இடத்தில் விழுந்தால் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தடுப்பூசி முடியாத குட்டியை அங்கே கொண்டுபோய் விடுவது நெருப்பில் விடுவது மாதிரி. ஊசி போட்ட மறுநாளே விடுவதும் உதவாது. உடம்பில் எதிர்ப்புச் சக்தி வர இரண்டு வாரமாவது வேண்டும். டிக்கெட்டுக்கு முன்னால் நாய் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். நீண்ட பயணம் என்றால் முதலில் ஒரே ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் போய்க் கூட்டி வந்து பாருங்கள். அந்த ஒரு ராத்திரி நிறையச் சொல்லும்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம், "அப்படியே நாய்க்கும் ரெண்டு வேளை சோறு வச்சிடுங்க" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறோம். அந்த "அப்படியே"வுக்குள் பத்து நாள் வேலை இருக்கிறது. சோறு வைப்பது, நடத்திக் கூட்டிப் போவது, அள்ளிப் போடுவது, உண்ணி பார்ப்பது. அவருக்கு நாய் என்றால் பயமா என்றுகூட யாரும் கேட்பதில்லை. போர்டிங்குக்கு ஒரு நாளைக்கு என்ன கேட்கிறார்களோ அதில் பாதியாவது அவருக்குத் தனியாகக் கொடுங்கள். முன்பணமாகக் கொடுங்கள். ஊரிலிருந்து வரும்போது ஒரு சாக்லேட் பெட்டி வாங்கிக் கொடுத்தால் கணக்கு நேராகிவிடாது. (அந்த சாக்லேட்டை நாய்க்குக் கொடுக்கக் கூடாது என்பதையும் சொல்லிவையுங்கள். திராட்சையும் அப்படித்தான். பக்கத்து வீட்டுப் பாட்டி பாசத்தில் பாயசத்து உலர் திராட்சையைப் போட்டுவிடுவார், சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.)

கடி பட்டால் யார் பொறுப்பு என்பதையும் பேச மாட்டேன் என்கிறோம். வருஷா வருஷம் வெறிநோய்த் தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும், பார்த்துக்கொள்கிறவரைக் கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம். முதல் நாளில் ஆரம்பித்து நாலு தடவை போட வேண்டும். கடைசி ஊசி 28-ஆம் நாள். அதற்குள் நீங்கள் ஊர் திரும்பி மறந்திருப்பீர்கள். அவர் கடைசி ஊசியையும் போட்டாரா என்று விசாரிப்பது உங்கள் வேலை. மஞ்சள் பூசுவது, சுண்ணாம்பு தடவுவது, மிளகாய்ப்பொடி வைப்பது எதுவும் கூடாது. இதை நான் மூன்றாம் வகுப்பிலேயே உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

இனி நான் சொல்லப்போவது சொந்தத்தில் சிலருக்குப் பிடிக்காது. சில வருஷங்களுக்கு முன் உறவில் ஒரு வீட்டார் தங்கள் பொமரேனியன் பெட்டையை என்னிடம் பத்து நாள் விட்டுப் போனார்கள். ஏழு வயது, கருத்தடை செய்யாதது. மூன்றாம் நாள் சாப்பிடவில்லை, தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தது. நான்காம் நாள் எழுந்திருக்கவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, "கர்ப்பப்பையில சீழ் கட்டியிருக்கு. இன்னைக்கே ஆபரேஷன் பண்ணணும், நாளைக்குன்னா தாங்காது" என்றார். போன் போட்டேன். விமானத்தில் இருக்கிறார்கள். இன்னொரு நம்பருக்குப் போட்டேன், அதுவும் அணைந்திருக்கிறது. மயக்கத்திலேயே போனாலும் போகலாம் என்கிறார் டாக்டர். அது என் நாய் இல்லை, கையெழுத்து என் கையெழுத்து. போட்டேன். பிழைத்தது. திரும்பி வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, "அவ்வளவா ஆச்சு?" என்பது. பணத்தைக் கொடுத்துவிட்டார்கள், அதில் குறையில்லை. அவர்களும் இதைப் படிக்கிறார்கள், படிக்கட்டும்.

அன்றிலிருந்து என்னிடம் நாயை விட வருகிறவர்களிடம் ஒரு தாள் எழுதி வாங்குகிறேன். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் பெயரும் நம்பரும், தின்னும் மாத்திரை, எத்தனை மணிக்கு எவ்வளவு சோறு, இடிக்கும் பட்டாசுக்கும் பயப்படுமா என்பதெல்லாம் ஒரு பக்கம். மறுபக்கம், உங்களைப் பிடிக்க முடியாவிட்டால் யார் முடிவெடுப்பது, எவ்வளவு வரை செலவு செய்யலாம் என்று தொகையோடு ஒரு வரி. அதை எழுதும்போது கை தயங்குகிறதா? உங்களுக்கே தயங்குகிறதென்றால், அந்த முடிவை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டுப் போவது எப்படிச் சரியாகும்?

கட்டிப்போட்டுவிட்டு, ஒரு வாளித் தண்ணீரும் மூன்று நாள் சோறும் வைத்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். ஊருக்கு வெளியே கொண்டுபோய் இறக்கிவிடுகிறவர்களும் உண்டு. 1960-ஆம் வருஷத்து விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி பசியாலும் தாகத்தாலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது குற்றம். எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடமாட விடாததும் குற்றம். முதல் குற்றத்துக்கு அந்தச் சட்டத்தில் எழுதிய அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய் வரை. இன்றைக்கு ஐம்பது ரூபாய்க்கு ஒரு கிலோ நாய்த்தீனி வராது. அதனால் சட்டத்தைக் காட்டி யாரையும் பயமுறுத்தும் உத்தேசம் எனக்கில்லை.

தெருநாய்க்குத் தினமும் சோறு வைக்கிற பிள்ளைகளும் என் மாணவர்களில் நிறைய இருக்கிறீர்கள். உங்கள் நல்ல மனதுக்குச் சந்தோஷம். நீங்கள் ஊருக்குப் போனாலும் அது அதே நேரத்துக்கு அதே வாசலில் வந்து நிற்கும். தெருவில் இன்னொரு வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். சோறு முடியாவிட்டால் தண்ணீராவது.

எங்கள் வீட்டு வெள்ளையனை இந்த வருஷம் என் மதினி வந்து தங்கிப் பார்த்துக்கொள்கிறார். அவருக்கு எந்த நாளெல்லாம் தோதுப்படும் என்று கேட்டுக்கொண்டுதான் நாங்கள் குற்றாலத்துக்கு நாள் குறித்தோம். சீசனுக்கு இரண்டு நாள் முந்திப் போகிறோம், அருவியில் தண்ணீர் இருக்குமா என்பது சந்தேகம்தான். ஜூன் 15-க்குப் பிறகு நான் வீட்டில்தான் இருப்பேன். யாராவது நாயை விட வேண்டுமென்றால் கேளுங்கள், ஒரு நேரத்தில் ஒன்றுதான். முந்தின நாளே கூட்டி வந்து, வெள்ளையனோடு ஒத்துப்போகிறதா என்று இருந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

மதுரை, திருநெல்வேலி பக்கம் நல்ல போர்டிங் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள், நிறையப் பேர் கேட்கிறார்கள். "நல்லாருக்குன்னு சொன்னாங்க" என்பது வேண்டாம். தங்கள் நாயை விட்டுவிட்டுத் திரும்பக் கூட்டி வந்தவர்கள் மட்டும் எழுதவும்.