மாத்திரைக்குக் காத்திராத தலைவலி

கிளஸ்டர் தலைவலி ஒரு கண்ணைச் சுற்றியே தாக்கும். அக்கண் சிவந்து நீர் வடியும். ஒரு பக்கமே வலிப்பதால், பலர் இதனை ஒற்றைத் தலைவலி என்றெண்ணி மாத்திரையை விழுங்கிக் காத்திருக்கின்றனர். 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை நீடிக்கும் இவ்வலிக்கு மாத்திரை பெரும்பாலும் பிந்தியே வேலை செய்யும். ஒற்றைத் தலைவலிக்குரிய சுமாட்ரிப்டான் மருந்தையே 6 மி.கி. தோலடி ஊசியாகச் செலுத்தினால், பலருக்கு 15 நிமிடத்திற்குள் வலி தணிகிறது. ஆகவே மருத்துவர் ஒப்புதலுடன் இவ்வூசி வீட்டிலேயே இருத்தல் வேண்டும், உடனிருப்போரும் போடக் கற்றிருத்தல் வேண்டும் என்பதே எங்கள் கருத்து. ஊசிக்கு அஞ்சி இவ்வலியைப் பொறுப்பது வீண். இதய நோய், பக்கவாதம், கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம் உடையோருக்கு இது ஆகாது. அவர்கள் முகமூடி வழியே ஆக்சிஜன் பெறலாம். 24 மணி நேரத்தில் 2 ஊசிகளுக்கு மேல் கூடாது. இடையில் 1 மணி நேரமாவது கழிய வேண்டும்.