ஆறாம் மாதத்துக் கஞ்சி

குழந்தைக்கு ஆறு மாதம் நிறையும் வரை தாய்ப்பால் ஒன்றே போதுமென்றும், அதன் பின்னர் தாய்ப்பாலோடு வேறு ஆகாரமும் வேண்டுமென்றும் உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. நம் பாட்டிமார் இதனை எந்த ஸ்தாபனத்தினிடமும் கேட்டறிந்தவர்களல்லர். ஆறாம் மாதத்தில் சோறூட்டுவது நம் நாட்டில் நெடுங்கால வழக்கம். ஆனால் இக்காலத்தில் அந்தக் கஞ்சியை யார் காய்ச்சுவது, எப்பொழுது காய்ச்சுவது என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் எழுந்து நிற்கிறது. அதைப்பற்றியே இன்று எழுதப் புகுந்தோம்.

2017-ஆம் ஆண்டில் திருத்தப்பெற்ற பிரசவகாலச் சலுகைச் சட்டம், முதலிரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் கூடிய விடுமுறையை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்திற்று. அதை மனமார வரவேற்கிறோம். எனினும் கணக்கைச் சற்று உற்று நோக்குவோம். 26 வாரமென்பது ஆறு மாதம். பிரசவத்திற்கு முன்னரே சில வாரங்களைச் செலவிட்டவளுக்கு அதுவும் மிஞ்சாது. எந்த வாரத்தில் குழந்தைக்குப் புதிய ஆகாரம் தொடங்க வேண்டுமோ, ஏறக்குறைய அதே வாரத்தில் தாய் வேலைக்குத் திரும்புகிறாள். சித்தாள் வேலைக்கும் நாற்று நடவுக்கும் போகிற தாய்க்கோ சம்பளத்துடன் விடுமுறை என்பதே கனவு.

இதன் விளைவு கண்கூடு. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 6 முதல் 23 மாதம் வரையுள்ள இந்தியக் குழந்தைகளில் போதிய ஆகாரம் பெறுவோர் நூற்றுக்குச் சுமார் 11 பேரே. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேர் இரத்தசோகை உடையவர்கள். ஒரு தேசம் தன் குழந்தைகளுக்கு முதற் கவளத்தைச் சரியாக ஊட்டத் தவறுமாயின், பின்னர் அதற்கு எத்தனை பள்ளிகளும் ஆஸ்பத்திரிகளும் கட்டி என்ன பயன்?

இந்த இடைவெளியில்தான் டப்பா உணவு வீட்டிற்குள் நுழைகிறது. அதை விஷமென்று நாம் கூறவில்லை. அதில் இரும்புச் சத்துச் சேர்க்கப்படுவதும், அவசரத்திற்கு உதவுவதும் உண்மையே. ஆயினும் இரண்டு வயது வரையிலான குழந்தை உணவுகளை விளம்பரம் செய்யலாகாதென்று 1992-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003-ஆம் ஆண்டுத் திருத்தமும் தடை விதித்திருப்பது காரணமின்றி அன்று. 2024-ஆம் ஆண்டு ஏப்ரலில், ஸ்விட்ஸர்லாந்திலுள்ள பப்ளிக் ஐ என்னும் ஸ்தாபனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஐரோப்பியக் குழந்தைகளுக்குச் சர்க்கரை சேர்க்காமல் விற்கப்படும் தானிய உணவு, அதே பெயரில் இந்தியாவில் சர்க்கரை சேர்த்து விற்கப்படுவதை அது எடுத்துக் காட்டிற்று. அவர்கள் குழந்தைக்கு ஒரு நீதி, நம் குழந்தைக்கு வேறொரு நீதியா?

ஆகவே வீட்டுக் கஞ்சியே சிறந்ததென்று உபதேசிப்பது எளிது. நேரமில்லாத தாயிடம் அவ்வாறு சொல்லிவிட்டு நகர்வது அநீதி. அவளுக்கு வேண்டியது உபதேசமன்று, வழி. அந்த வழி நம் பழைய சமையலறையிலேயே இருந்தது. அடுப்பின் பக்கத்தில் கொடியடுப்பு என்று ஒன்று உண்டு. பெரிய அடுப்பின் மிச்ச வெப்பத்தில், ஆள் காவலின்றி, பருப்பும் கஞ்சியும் அதில் மெல்ல வெந்துகொண்டிருக்கும். இன்று கடைகளில் ஸ்லோ குக்கர் என்ற பெயரில் விற்கப்படுவது மின்சாரத்தில் இயங்கும் கொடியடுப்பே அன்றி வேறல்ல. கொதிநிலைக்குச் சற்றுத் தாழ்ந்த வெப்பத்தில் பல மணி நேரம் அது ஆகாரத்தை வேகவைக்கிறது. அடிப்பிடிப்பதில்லை, பக்கத்தில் நின்று கிளற வேண்டியதுமில்லை.

இரண்டு பங்கு அரிசி, ஒரு பங்கு பாசிப்பருப்பு, ஒரு துண்டு காரட் அல்லது பூசணி, தாராளமாக நீர்: இவற்றை இட்டு மூடிவிட்டால், மூன்று நான்கு மணி நேரத்தில் கரண்டியால் மசிக்கும் பதம் வந்துவிடும். ஒரு சொட்டு நெய் சேர்த்தால் போதும். ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் வேண்டா; தேன் கூடவே கூடாது. கஞ்சி கரண்டியிலிருந்து நீராக வழியாமல் நிற்க வேண்டும். நீர்த்த கஞ்சி வயிற்றை நிரப்புமேயன்றி உடலை வளர்க்காது. கேழ்வரகை முளைகட்டி உலர்த்தி மாவாக்கிக் காய்ச்சினால், முளையில் உண்டாகும் நொதி மாவுச் சத்தை இளக்குவதால், அதிக மாவு சேர்த்தும் கஞ்சி விழுங்க எளிதாக இருக்கும். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. இரும்புச் சத்துக்கு முட்டை, மீன், ஈரல் ஆகியவற்றை வழக்கமுள்ளோர் நன்கு வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம். சர்க்கார் வழங்கும் இரும்புச் சத்துத் திரவத்தையும் தவறவிடலாகாது.

எச்சரிக்கையும் அவசியம். ராஜ்மாப் பயற்றை இந்த மெல்லிய வெப்பத்தில் மட்டும் வேகவைப்பது ஆபத்து; அதிலுள்ள நச்சுப்பொருள் நன்றாகக் கொதித்தாலொழிய அழியாது. வெந்த ஆகாரத்தை அறையில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் கிடத்தலாகாது. மிஞ்சியதை உடனே ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் ஆவி பறக்கச் சூடாக்கி, பின் ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். குழந்தை வாய் வைத்த கிண்ணத்து மிச்சத்தைத் திரும்ப வைப்பது தவறு.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்று எஞ்சி நிற்கிறது. மெல்ல வேகும் பாத்திரம் நேரத்தைத்தான் மிச்சப்படுத்தும், கையை மிச்சப்படுத்தாது. அரிசியைக் களைந்து இடுவதும், மசித்து ஊட்டுவதும், கிண்ணத்தைக் கழுவுவதும் தாய் ஒருத்திக்கே விதிக்கப்பட்ட கடமையல்ல. தகப்பனாரும் அதைச் செய்யலாம்; செய்ய வேண்டும். 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஸ்தாபனங்கள் குழந்தைகள் காப்பகம் அமைக்க வேண்டுமென்று அந்த 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் வகுத்தது. அந்தக் காப்பகம் ஏட்டோடு நில்லாமல், சூடான கஞ்சி கிடைக்கும் இடமாகவும் விளங்க வேண்டும். மின் பாத்திரம் வாங்க வசதியற்றவர்களுக்கு, அங்கன்வாடியில் வழங்கப்படும் சத்துமாவு இருக்கிறது. அது உரிய காலத்தில் உரிய அளவில் கிடைக்கிறதா என்று ஊரார் கேட்டறிய வேண்டும்.

குழந்தை வளர்ப்பு வீட்டு விஷயமென்று சர்க்காரும், சர்க்கார் விஷயமென்று வீடும், தாயின் விஷயமென்று தகப்பனாரும் ஒதுங்கியதன் பலனைத்தான் மேற்கண்ட கணக்குகள் காட்டுகின்றன. ஆறாம் மாதத்துக் கஞ்சி அம்மூவருக்கும் உரிய பொறுப்பென்பதை உணர்ந்து, இன்றே அடுப்பைப் பற்ற வைப்பார்களென்று நம்புகிறோம்.