மாத்திரையோடு முடிவதில்லை அமானிதம்



2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓடித் தப்ப முடியாமல் 28 பேர் உயிரிழந்தனர். நம் சமுதாயத்தின் மனசாட்சியை உலுக்கிய நாள் அது. அதன்பின் மாற்றங்கள் வந்தன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதை முற்றாகத் தடை செய்தது. ஏர்வாடியிலேயே மருந்தையும் பிரார்த்தனையையும் இணைக்கும் ‘தவா–துஆ’ திட்டம் தொடங்கப்பட்டது. மனநோய்க்கு மருந்து உண்டு என்பதை இன்று நம் குடும்பங்களில் பலவும் ஏற்றுக்கொண்டுவிட்டன, அல்ஹம்துலில்லாஹ்.

ஆயினும், மாத்திரை தொடங்கியவுடன் நம் கடமை முடிந்துவிட்டதாக எண்ணுகிறோமே, அது சரியா?

மனச்சிதைவு, இருதுருவ மனநோய் ஆகியவற்றுக்குத் தரப்படும் ஓலான்சபின், குளோசபின் போன்ற மருந்துகள் குழம்பிய சிந்தையைத் தெளிவிக்கின்றன. காதில் ஒலிக்கும் குரல்களை அடக்குகின்றன. அதே மருந்துகள் மூளையில் பசியையும் நிறைவையும் உணர்த்தும் இடங்களிலும் செயல்படுகின்றன. உண்டபின்னும் பசி அடங்குவதில்லை. உடல் இன்சுலினுக்குச் சரிவரச் செவிசாய்ப்பதில்லை. எடை கூடி, வயிறு பெருத்து, சர்க்கரையும் கெட்ட கொழுப்பும் ஏறுகின்றன. குவெட்டியாபின், ரிஸ்பெரிடோன் ஆகியவற்றில் இவ்விளைவு நடுத்தரம், அரிப்பிப்ரசோலில் குறைவு. கடும் மனநோய் உள்ளோர் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கிறார்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அம்மரணங்களில் பெரும்பங்கு மாரடைப்பு, சர்க்கரை போன்ற உடல்நோய்களால் நிகழ்கிறது.

நம் வீடுகளில் நடப்பது என்ன? சேவூரிலிருந்து அவிநாசிக்கும் திருப்பூருக்கும் பனியன் வேலைக்குச் செல்லும் குடும்பங்களில், வீட்டில் இருப்பவரை நாள் முழுதும் கவனிக்க ஆள் இல்லை. சோறும் இனிப்புத் தேநீரும் வறுத்த தின்பண்டமுமே அவருக்குத் துணை. மாலையில் திரும்புவோர், ‘எப்போது பார்த்தாலும் தின்கிறான், படுக்கிறான்’ என்று கடிந்துகொள்கின்றனர். அந்தப் பசி மருந்தால் விளைவது, அவருடைய பேராசையன்று. நோயாளியை இதற்காக இழிவுபடுத்துவதும் ஒருவகைச் சங்கிலியே.

இன்னொரு தவறு இதனினும் ஆபத்தானது. உடல் பருத்ததைக் கண்டு மருந்தைத் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். நோய் மீண்டும் தலைதூக்குகிறது. சில வேளை முன்னிலும் கடுமையாக. மருந்தை மாற்றுவதும் அளவைக் குறைப்பதும் மருத்துவரின் பணி. எடை ஏற்றம் குறைந்த வேறு மருந்துக்கு மாற்றலாம். தேவையெனில் மெட்ஃபார்மின் சேர்க்கலாம். இவ்வழிகள் உண்டென்று அறிந்தால்தான் நாம் மருத்துவரிடம் கேட்போம்.

கேட்பதற்கு முன் அளக்க வேண்டும். இது பனியன் தொழில் செய்யும் பகுதி. மார்பளவு அரை அங்குலம் பிசகினாலும் ஆடையை ஒதுக்கிவைக்கும் கைகள் நம்முடையவை. அதே இஞ்சு டேப்பை மாதம் ஒருமுறை நோயாளியின் வயிற்றைச் சுற்றி வையுங்கள். நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், அதாவது சுமார் 35 அங்குலம். பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், சுமார் 31 அங்குலம். அதைத் தாண்டினால் எச்சரிக்கை. மருந்து தொடங்கும் முன்பும், அதன்பின் 4, 8, 12 வாரங்களிலும் எடை பாருங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை, இரத்தக் கொழுப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைத் தொடக்கத்திலும் 12ஆம் வாரத்திலும், பிறகு ஆண்டுதோறும் பரிசோதிக்கக் கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதி, மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். அடங்காத தாகமும் அடிக்கடி சிறுநீரும் சோர்வும் கண்டால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்க அரசு மருத்துவமனைகளில் கட்டணமில்லை. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பணியாளர் வீட்டுக்கு வரும்போது, தாத்தா பாட்டியோடு இவரையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண் உண்டு.

ரமளானில் தனிக் கவனம் தேவை. நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. நோன்பு நோற்கலாமா, மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது என்பதை மாதம் பிறக்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுத் தெளியுங்கள். இஃப்தாரின் சர்பத்தும் வடையும் அவருக்கு அளவோடு இருக்கட்டும். அவருக்கு மட்டும் மறுத்துவிட்டு மற்றவர்கள் உண்பது நீதியன்று. வீடே அளவோடு உண்ணட்டும். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கே உணவுக்கு என்ற நபிவழி நம் அனைவருக்கும் உரியதல்லவா?

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மருந்துச் செலவுக்கு உதவும்போது பரிசோதனைச் செலவையும் பயணச் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஃபஜ்ருக்குப் பின் நடைப்பயிற்சி செல்லும் இளைஞர்கள், தெருவில் உள்ள ஒரு நோயாளியைத் தம்முடன் அழைத்துச் செல்லட்டும். அவருக்கு அது உடற்பயிற்சி மட்டுமன்று, தோழமையும் கூட.

நம் பொறுப்பில் அல்லாஹ் ஒப்படைத்த மனிதரின் மனமும் அமானிதம், உடலும் அமானிதம். ஒன்றைக் காத்து மற்றொன்றைக் கைவிட்டால் நம் கணக்கு நேராகுமா? இந்த வாரமே அந்த நோட்டைத் தொடங்குங்கள்.