படிப்பகத்தின் சாவி



சங்கம் ஒன்றைத் தொடங்குதல் எளிது. ஊரோடு ஒட்டி அதனை வாழவைத்தலே அரிது. பெயர்ப்பலகை மாட்டி, பொறுப்பாளரைத் தேர்ந்து, ஆண்டுவிழாவும் நடத்திவிட்டால் தொண்டு முடிந்ததென எண்ணும் பழக்கம் நம்மவரிடையே உண்டு. நம் சங்கமும் இதற்கு விலக்கன்று. அதனை மறைக்காமல் இத்திங்கள் சொல்ல விரும்புகின்றோம்.

2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டபின் நம் தங்கவயல் ரயிலை நம்பி வாழும் ஊராயிற்று. விடியுமுன் மாரிகுப்பத்தில் வண்டியேறிப் பெங்களூரில் வேலை செய்து, இரவில் வீடு திரும்புவோர் பல்லாயிரவர். மாலையில் லைன் வீடுகளில் இருப்போர் பெரும்பாலும் முதியோரும் பிள்ளைகளுமே. அப்பிள்ளைகளுக்காக மாலைப் படிப்பகம் ஒன்று அமைத்தோம். பாயும் கரும்பலகையும் வாங்கி, ‘ஆறு மணி முதல் ஏழரை வரை’ என்று அறிவிப்பும் ஒட்டினோம். முதல் வாரம் வந்தவர் நால்வர், மறுவாரம் ஒருவருமில்லை. ‘நம் மக்களுக்குக் கல்வியில் அக்கறை இல்லை’ என்று செயற்குழுவில் ஒருவர் கூற, நாமும் தலையசைத்தோம்.

பின்னர் ஒரு ஞாயிறன்று, லைனில் சுயஉதவிக் குழு நடத்தும் தாய்மார் சிலரைக் கண்டு பேசினோம். “எங்களைக் கேட்டா நேரம் வைத்தீர்கள்?” என்றார் ஒருவர். “பள்ளி விட்டதும் பிள்ளைகள் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் இருக்கிறார்கள். நீங்கள் அழைத்துப்போய் ஏழரைக்கு இருட்டில் விட்டுவிட்டால், ரயில் வந்து நாங்கள் சேரும்வரை யார் பொறுப்பு?” நம்மிடம் விடையில்லை. அக்கறை இல்லாதவர் அவர்களல்லர், கேளாதவர் நாமே.

இம்மண்ணுக்கு இப்பாடம் புதிதன்று. சென்னையில் அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் தொடங்கிய பௌத்த சங்கம் மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வேரூன்றியது. 1907-இல் அவர் தொடங்கிய வார இதழைச் சுரங்கத் தொழிலாளர் தம் கூலியிலிருந்து காசு கொடுத்து வாங்கி ஆதரித்தனர். 1914-இல் பண்டிதர் மறைந்தபின் நின்றுபோன ‘தமிழன்’, 1926-இல் அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு இத்தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. அவருடைய நூல்களைச் சாம்பியன் ரீஃப் சித்தார்த்த புத்தகசாலை அச்சிட்டுக் காத்தது. சென்னையில் பிறந்த பணி இங்கே மறுபிறவி எடுத்தது எதனால்? உழைப்பாளர் அதனைப் பிறர் இட்ட தருமமாகக் கருதாமல் தம் உடைமையாகக் கருதியதால். தொழிற்சங்கத்திற்குச் சட்டத்தில் இடமில்லாத 1930-இலும் கைரேகைப் பதிவை எதிர்த்து 21 நாள் வேலைநிறுத்தம் செய்தவர்கள் இவ்வூரார். ஒற்றுமையை இவர்களுக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. இருக்கும் ஒற்றுமையோடு இணைந்தால் போதும்.

ஆகவே மீண்டும் தொடங்கினோம், இம்முறை கேட்டுக்கொண்டு. பெங்களூர் வண்டி வந்து பெற்றோர் அழைத்துச் செல்லும்வரை படிப்பகம் திறந்திருக்கும் என்று தாய்மார் வரையறுத்தனர். சுரங்கத்தில் மின்பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் விளக்குகளைப் பொருத்தினார். பாட்டிமார் இருவர் முறைவைத்து வாசலில் அமர்ந்தனர். தேர்வுக்குக் கன்னடமும் வேண்டுமே என்று எண்ணி, பக்கத்துத் தெருக் கன்னட ஆசிரியை ஒருவரை அணுகினோம். வாரம் இருநாள் வருகிறார். மாதவரவு செலவை எழுதி வாசலில் ஒட்டுகிறோம்.

ஒன்றில் மட்டும் நெடுநாள் தயங்கினோம். படிப்பகத்தின் சாவியைத் தாய்மார் கேட்டனர். ‘பொருள் சங்கத்துடையது, சாவி எப்படித் தருவது?’ என்று இரண்டு மாதம் தட்டிக்கழித்தோம். அந்த இரண்டு மாதமும் பொறுப்பாளர் வரத் தாமதித்த நாள்களில் பிள்ளைகள் பூட்டிய கதவின் முன் நின்றனர். ஒரு மழைநாளில் அவர்கள் நனைந்து நிற்கக் கண்டபின்பே சாவி கைமாறியது. அன்று முதல் அங்கே ஒரு புத்தகமும் காணாமற் போகவில்லை. கைம்மாறு கருதாத உதவி பெரிதுதான். ஆயினும் கையிலுள்ள அதிகாரத்தைப் பகிராத உதவி கூட்டுறவாகாது.

பெங்களூரிலும் வேலூரிலும் கடல்கடந்தும் வாழும் தங்கவயல் அன்பர்கள் ‘ஊருக்கு என்ன செய்யலாம்?’ என்று நமக்கு எழுதுகின்றனர். நன்றி. பணம் அனுப்புமுன் ஒருமுறை ஊருக்கு வாருங்கள். லைனில் நாலு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேளுங்கள். அவர்கள் சொல்வது நாம் எண்ணியதற்கு மாறாக இருப்பின், நம் எண்ணத்தை மாற்றிக்கொள்வோமாக.